முதல் செலவு எதற்கு: மின்விசிறியா, மொட்டைமாடியா, ஏ.சி.யா, சோலாரா?

கோடைக்கால மின்கட்டணக் குறுஞ்செய்தி கைப்பேசிக்கு வந்து சேரும் நாட்களில், கையிலிருக்கும் சேமிப்பை வைத்து எதைச் செய்தால் இந்தத் தொகை குறையும் என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. பழைய மின்விசிறிகளைக் கழற்றிவிட்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. என்ற வகை மோட்டார் வைத்த புதியவற்றை மாட்டலாம் என்பார் ஒருவர். மாடிக்கு வெள்ளை அடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பார் எதிர்வீட்டுக்காரர். ஐந்து நட்சத்திர ஏ.சி. வாங்கினால் சரியாகிவிடும் என்பார் கடைக்காரர். சோலார் விளம்பரமோ இனிமேல் பில்லே வராது என்கிறது. நான்கு யோசனைகளும் நல்லவைதான். ஆனால் ஒரு வீட்டுக்கு இரண்டே ஆண்டில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் செலவு, அடுத்த வீட்டுக்குப் பத்து ஆண்டு ஆனாலும் திருப்பித் தராமல் போகலாம். ஆகவே பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டில் மின்வாரிய இணைப்புள்ள, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படும் சாதாரண நடுத்தர வீடு. விலைகள் யாவும் தோராயமானவை. ஊருக்கும் கடைக்கும் ஏற்ப மாறும்.

எதை வைத்து அளப்பது

முதன்மையான அளவுகோல், நீங்கள் மிச்சப்படுத்தப்போகும் யூனிட்டின் விலை. மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, எங்களுக்கு யூனிட் நாலரை ரூபாய்தான் ஆகிறது என்று சொல்பவர்கள் உண்டு. முடிவெடுக்க அந்தச் சராசரி உதவாது. 2016-ஆம் ஆண்டிலிருந்து இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது: 400-ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு ஆறு ரூபாய்க்குச் சற்று மேல், 500-ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல், 1000-க்கும் மேலே போனால் பதினொரு ரூபாய்க்கும் கூடுதல். நாம் குறைக்கும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்துதான் கழியும். அடியிலிருக்கும் இலவச யூனிட் அப்படியே இருக்கும்.

இதில் 500 என்ற எல்லைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் நிற்கும்வரை 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குப் பாதி விலைதான். 501 ஆனதும் அந்தச் சலுகை முழுவதும் போய்விடுவதால், அந்த ஒரே யூனிட்டுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட நேர்கிறது.

மூன்று வீடுகளை வைத்துப் பார்க்கலாம். இரு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டில் கட்டணம் ஏறத்தாழ ரூ.700, 560 யூனிட் வீட்டில் ரூ.2,500; 1000 யூனிட் வீட்டில் ரூ.7,000-ஐ நெருங்கும். மூன்று வீட்டிலும் சரியாக 70 யூனிட்டைக் குறைத்தால், முதல் வீட்டுக்கு மிச்சம் ரூ.330 அளவில்தான். மூன்றாவது வீட்டுக்கு ரூ.700-க்கு மேல். ஆனால் அதிகப் பலன் நடுவிலிருக்கும் வீட்டுக்கு: 560 என்பது 490 ஆகும்போது ஏறக்குறைய ரூ.800 குறைகிறது, அதாவது யூனிட்டுக்குப் பதினொரு ரூபாய். கோடையில் 520, 580 என்று வந்து நிற்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்குப் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால் போதும். ஆகவே எதை வாங்குவதற்கு முன்னும் மின் அட்டையையோ மின்வாரியச் செயலியையோ திறந்து, கடந்த ஆறு கணக்கீடுகளின் யூனிட்டை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்குக் கணக்கு வேறு. வீட்டு உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டோ ஒன்பதோ என ஒரே விலையாக வசூலித்தால், இலவச யூனிட்டும் இல்லை, படியும் இல்லை. முதல் யூனிட்டைக் குறைத்தாலும் முழு விலை மிச்சம். இந்த வசூல் முறை நியாயமானதா என்பது தனி வழக்கு. ஆனால் இவர்களுக்குச் சிக்கனத்தின் பலன் சொந்த வீட்டுக்காரர்களைவிட விரைவாகக் கிடைக்கும் என்பது உண்மை.

இரண்டாவது அளவுகோல், மணிக்கணக்கு. 750 வாட் மிக்ஸி கால் மணி நேரம் ஓடினால் கால் யூனிட்கூட ஆகாது. 75 வாட் மின்விசிறி பதினான்கு மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட்டைத் தாண்டிவிடும். சத்தம் போடும் கருவிகளைப் பற்றிக் கவலைப்படுவதும், சத்தமில்லாமல் நாளெல்லாம் ஓடுபவற்றை மறந்துவிடுவதும் நம் வழக்கம்.

மூன்றாவது, வீட்டின் நிலை: சொந்தமா, வாடகையா, மேல்தளமா, நடுத்தளமா, மாடி உங்களுடையதா, எல்லோருக்கும் பொதுவா. நான்காவது, விலைப்பட்டியலில் வராத செலவுகள். ஐந்தாவதாக வசதியையும் கணக்கில் சேர்க்கிறேன். மே மாத இரவில் குழந்தைகளும் வயதானவர்களும் தூங்க முடிகிறதா என்பது ரூபாய்க் கணக்கில் வராது என்பதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது.

குண்டு பல்பும் சோக் வைத்த பழைய டியூப் லைட்டும் இன்னும் உங்கள் வீட்டில் எரிந்துகொண்டிருந்தால், அவற்றை எல்.இ.டி.யாக மாற்றுவதற்கு ஒப்பீடே தேவையில்லை. அதை முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

| | பி.எல்.டி.சி. மின்விசிறி | மாடிக்கு வெப்பத் தடுப்பு | ஐந்து நட்சத்திர ஏ.சி. | கூரை சோலார் |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | ஒன்றுக்கு ரூ.2,500 முதல் 3,500 | சதுர அடிக்கு ரூ.20 முதல் 40 (பெயின்ட்). ஓடு பதித்தால் ரூ.80-க்கு மேல் | ரூ.40,000-க்கு மேல் | 3 கிலோவாட்டுக்கு மானியம் போக ரூ.1 லட்சம் முதல் 1.3 லட்சம் |
| பலன் எப்போது | ஆண்டு முழுவதும் | வெயில் மாதங்களில் | ஏ.சி. ஓடும் மாதங்களில் | ஆண்டு முழுவதும். ஐப்பசி, கார்த்திகையில் குறையும் |
| மறைந்திருக்கும் செலவு | எலெக்ட்ரானிக் போர்டு பழுது | விரிசல் அடைப்பு, ஆண்டுதோறும் கழுவுதல், மறுபூச்சு | சர்வீஸ், கேஸ், ஸ்டெபிலைசர் | தாங்கு சட்டம், துடைத்தல், இன்வெர்ட்டர் மாற்றுதல் |
| வீடு மாறினால் | கழற்றி எடுத்துப் போகலாம் | விட்டுவிட்டுப் போக வேண்டும் | எடுத்துப் போகலாம், செலவு உண்டு | பெரும்பாலும் முடியாது |
| மின்தடையில் | பேட்டரி இரு மடங்கு நேரம் நிற்கும் | வழக்கம்போல் வேலை செய்யும் | ஓடாது | பேட்டரி இல்லாவிட்டால் ஓடாது |

பி.எல்.டி.சி. மின்விசிறி

வீட்டில் இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்தியது அதே காற்றை 28 முதல் 35 வாட்டில் தந்துவிடும். நாள்தோறும் பத்து மணி நேரம் ஓடும் மூன்று மின்விசிறிகளை மாற்றினால் இரு மாதத்தில் கணக்குப்படி 80 யூனிட் மிச்சம். குறைந்த வேகத்தில் வைக்கும் நேரத்தையும் கழித்தால் 70 என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 560 யூனிட் வீட்டை எல்லைக்குக் கீழே இறக்குவதற்கு இதுவே போதும். அந்த வீடு ஆண்டு முழுவதும் 500-க்கு மேலேயே இருப்பதாக இருந்தால், மூன்று மின்விசிறிக்குப் போட்ட ரூ.9,000 இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். 300 யூனிட் வீட்டுக்கு நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும், ஆனாலும் நட்டமில்லை.

குறை ஒன்று உண்டு, அதைக் கடைகளில் சொல்வதில்லை. பழைய மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலெக்ட்ரீஷியன் ஒரு கண்டென்சரை மாற்றிவிட்டுப் போய்விடுவார். இதில் உள்ளேயிருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு போனால் அந்தந்த நிறுவனத்தின் போர்டுதான் வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மின்விசிறி விலையில் ஒரு கணிசமான பங்கை அதற்கே கொடுக்க நேரும். ஆகவே விலையில் முந்நூறு ரூபாய் குறைவு என்பதைவிட, போர்டுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்ற இரண்டும் முக்கியம். சுவரிலிருக்கும் பழைய ரெகுலேட்டரை முழு வேகத்திலேயே விட்டுவிட வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். அதைத் திருகி வேகத்தைக் குறைக்க முயன்றால் போர்டுக்குத்தான் கேடு. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டதால், வாட் அளவையும் காற்றின் அளவையும் பெட்டியின் மேலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம். குறைந்த வாட் என்று வாங்கி, காற்றே வரவில்லை என்று இரண்டாவது ஃபேன் போட்டால் சிக்கனம் அங்கேயே முடிந்தது.

எல்லா அறைகளிலும் மாற்ற வேண்டியதில்லை. படுக்கையறை, கூடம், வேலை செய்யும் மேசைக்கு மேல் இருப்பது ஆகியவை போதும். விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் அறையில் பழையதே சுற்றட்டும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த நான்கில் தயங்காமல் செய்யக்கூடியது இதுதான்.

மொட்டைமாடிக்கு வெப்பத் தடுப்பு

மேல்தளத்தில் இருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஏப்ரல் மாதத்து இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, படுக்கையறை உட்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரம் ஆகியும் சூடு கையைத் தொடும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை மெதுவாகக் கீழே கடத்துவதால், அறைக்குள் அதன் உச்சம் நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் வருகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது, ஏ.சி. அந்தச் சூட்டோடுதான் பாதி இரவு மல்லுக்கட்டுகிறது. மே மாத நண்பகலில் கருத்துப்போன சிமென்ட் தளத்தின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடக்கூடியது. அதே வெயிலில் வெள்ளைப் பரப்பு பெரும்பகுதி ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், கீழறையின் வெப்பம் பொதுவாக 2 முதல் 5 டிகிரி வரை குறைகிறது.

நம் முன்னோர் வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாகப் போட்டு, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் மாடிகள் வெப்பத்தை அவ்வளவு எளிதாகக் கீழே விடவில்லை. செலவு மிச்சம் என்று இன்று பல வீடுகளில் அந்த அடுக்கையே விட்டுவிட்டு, வெறும் கான்கிரீட்டின் மேல் சிமென்ட் பூச்சோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே மிச்சம் பிடித்ததை மின்வாரியத்துக்கு ஆண்டாண்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதில் நான்கு வழிகள் உண்டு. சுண்ணாம்பு அடிப்பது மிக மலிவு. ஆனால் ஒரு கோடைக்குத்தான் நிற்கும், வடகிழக்குப் பருவமழை கழுவிக்கொண்டு போய்விடும். எதிரொளிக்கும் வெள்ளைப் பெயின்ட் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை பயன் தரும். வெள்ளை ஓடோ, உடைத்த வெள்ளை டைல் துண்டுகளோ பதிப்பது செலவு கூடியது என்றாலும் நீண்ட காலம் நிற்கும்; தளத்தின் எடை கூடுவதால் பழைய கட்டடமானால் பொறியாளரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. நான்காவது, நிழல்: கீற்றுப் பந்தல், பச்சை வலை, கொட்டகை. தகரக் கொட்டகை என்றால் அனுமதியும் சொத்துவரியும் குறுக்கே வரும். கீற்றுப் பந்தல் கோடைக்கு அருமையானது, ஆனால் தீபாவளி ராக்கெட்டுக்கு முன்னால் பிரித்துவிட வேண்டும்.

பெயின்ட் என்று முடிவெடுத்தால், பணத்தை வீணாக்குவதும் காப்பாற்றுவதும் அடிப்பதற்கு முந்தைய வேலைதான். பாசியையும் உதிரும் பூச்சையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில்தான் விரிசல் அதிகம். அதைக் கீறி அகலப்படுத்தி நிரப்ப வேண்டும். தளம் நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர், அதன் மேல் ஒரு பூச்சு, அது உலர்ந்ததும் குறுக்குத் திசையில் இன்னொரு பூச்சு. மாசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ இதை முடித்துவிட்டால் அந்தக் கோடை முழுவதும் பலன் கிடைக்கும். மழைநீர் தேங்கும் தளத்துக்கு முதலில் வாட்டம் சரிசெய்யாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த ஆண்டு தோல் உரிவதுபோல் உரிந்து வரும்.

மறைந்திருக்கும் செலவுகளும் இங்கேதான் தொடங்குகின்றன. சாலைப் புழுதி படிந்த வெள்ளை வெகுநாள் வெள்ளையாக இராது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது கழுவ வேண்டும். ஈரத்தில் வழுக்கும் பெயின்ட்டுகள் உண்டு, வடாம் காயவைக்கப் போகும் பாட்டிகள் இருக்கும் வீட்டில் சொரசொரப்பான வகையைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து மாடிக்காரருக்குக் கண் கூசும் என்ற புகாரும் வரும்.

600 சதுர அடிக்கு ரூ.12,000 முதல் 24,000 வரை ஆகும் இந்த வேலையால் மின்கட்டணத்தில் மட்டும் எவ்வளவு குறையும் என்று பார்த்தால், மேல்தளத்தில் ஏ.சி. ஓடும் வீடுகளுக்குக் கணிசமாகவும் மற்றவர்களுக்குச் சொற்பமாகவும் இருக்கும். ஆனால் ஏ.சி. இல்லாத மேல்தள வீட்டுக்கு இதன் உண்மையான வரவு வேறு: வாங்கவிருந்த ஏ.சி.யே தேவைப்படாமல் போகலாம். அகமதாபாத் நகரம் தன் வெப்ப அலைத் திட்டத்தில் எளியவர்களின் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதைச் சேர்த்ததும், தெலங்கானா 2023-இல் இதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டதும் கட்டணத்தை நினைத்து மட்டுமல்ல. என் கருத்தில், மேல்தளத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர் ஏ.சி. கடைக்குப் போவதற்கு முன் பெயின்ட் கடைக்குப் போக வேண்டும். நடுத்தளத்தில் இருப்பவருக்கு இதனால் பயனில்லை. அவர் மேற்குச் சுவருக்கும் ஜன்னலுக்கும் வெளிப்புறத் தட்டி கட்டினால் அதே வேலை நடக்கும்.

ஐந்து நட்சத்திர ஏ.சி.

இங்கே இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் ஏ.சி.யைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டலாமா என்பது ஒன்று. எப்படியும் வாங்கப்போகிறோம், மூன்று நட்சத்திரமா ஐந்து நட்சத்திரமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை வெவ்வேறு.

பத்து ஆண்டுக்கு முந்தைய, இன்வெர்ட்டர் அல்லாத 1.5 டன் ஏ.சி.யைப் புதிய ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி.யாக மாற்றினால் ஓர் இரவுக்கு மூன்று யூனிட் வரை குறையலாம். கோடையின் மூன்று கணக்கீடுகளிலும் சேர்த்து ரூ.5,000 மிச்சம் என்று தாராளமாகவே வைத்தாலும், போட்ட ரூ.45,000 திரும்ப ஒன்பது ஆண்டு ஆகும். அதற்குள் அந்தப் புதிய ஏ.சி.யே பழையதாகிவிடும். ஆகவே நன்றாக ஓடும் ஏ.சி.யைச் சிக்கனத்துக்காக மட்டும் மாற்றுவது இந்த நான்கில் மிகப் பலவீனமான முதலீடு. கம்ப்ரெஸர் போய், பழுது பார்க்கவே பத்தாயிரம் கேட்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம்.

புதிதாக வாங்குபவருக்கு முத்திரையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பது நல்ல வழிகாட்டி. ஆனால் அது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. ஆண்டில் எட்டு மாதம், இரவு எட்டு மணி நேரம் போடும் சென்னை வீடு 1900 மணி நேரத்தைத் தாண்டும். அங்கே கூடுதல் நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் எட்டாயிரமோ பத்தாயிரமோ சில ஆண்டுகளில் திரும்பிவிடும். ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டும் போடும் கோயம்புத்தூர் வீட்டுக்கு மூன்று நட்சத்திரமே போதும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், பழைய விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம்.

வாங்கிய பிறகு செலவில்லாமல் செய்யக்கூடியவை பல, அவற்றைப் பலரும் செய்வதில்லை. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 26 அல்லது 27-இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுற்றவிட்டால் 23-இல் கிடைக்கும் சுகமே கிடைக்கும். கதவின் அடி இடைவெளியை அடைப்பதற்கு நூறு ரூபாய் பட்டி போதும். ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுவதற்கு அதுவும் வேண்டாம்.

கூரை சோலார்

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம் உண்டு. மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையை முதலில் நாம் புரட்ட வேண்டும், அல்லது வங்கிக் கடன் வாங்க வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி தேவை. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும்.

இப்போது அந்த மூன்று வீடுகளுக்குத் திரும்பலாம். 1000 யூனிட் வீட்டில் 3 கிலோவாட் போட்டால் இரு மாதத்தில் 720 யூனிட் கிடைத்து, ரூ.7,000 அளவிலான கட்டணம் ரூ.600-க்கு இறங்கும். மேகமூட்டமான மாதங்களைக் கழித்தாலும் நான்கு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் பலகைகள் வேலை செய்யும். இந்த வீட்டுக்கு இதைவிடச் சிறந்த முதலீடு இல்லை என்றே சொல்வேன். 300 யூனிட் வீடு 1 கிலோவாட் போட்டால், ஆண்டுக்கு மிச்சமாவது ரூ.4,200 அளவில்தான், ஏனெனில் அதன் யூனிட்டுகள் ஏற்கெனவே இலவசமோ மலிவோ ஆனவை. மானியம் போக ரூ.35,000-க்கு மேல் போட்டது திரும்ப ஒன்பது, பத்து ஆண்டு ஆகும். ஒரே விளம்பரம் இந்த இரண்டு வீட்டுக்கும் போகிறது.

பலருக்கும் பின்னால்தான் தெரியவரும் செய்தி, மின்தடையின்போது இது ஓடாது என்பது. மின்வாரியக் கம்பியில் மின்சாரம் இல்லாதபோது, அங்கே வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக சோலார் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். நடுப்பகல் வெயிலில், மாடி நிறையப் பலகைகள் இருக்க, வீட்டில் மின்விசிறி நின்றிருக்கும். பேட்டரியோடு கூடிய அமைப்பு வேண்டுமென்றால் செலவு வெகுவாக ஏறும்.

மற்ற மறைச்செலவுகள்: மாடியில் நடமாட இடம் வேண்டுமென்று பலகைகளை உயரத் தூக்கினால் இரும்புச் சட்டத்துக்குத் தனி விலை. 2016-இல் வர்தாவையும் 2018-இல் கஜாவையும் பார்த்த கரையோர மாவட்டங்களில் அந்தச் சட்டத்தின் பிடிப்பில் கை வைக்கவே கூடாது. இன்வெர்ட்டரைப் பத்து ஆண்டு வாக்கில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அனுமதிக்கப்பட்ட மின்பளு குறைவாக இருந்தால் அதை உயர்த்தக் கட்டணம் கட்ட நேரலாம். அடுத்த மனையில் இன்று காலியிடம் இருந்தால், அங்கே மூன்று மாடி எழும்பினால் நிழல் எங்கே விழும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எதை முன்னால், எதைப் பின்னால்

சிக்கனத்தை முதலில் முடித்துவிட்டு, குறைந்த யூனிட்டுக்கு ஏற்றபடி சிறிய சோலார் போடுவதுதான் முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். 500-ஐச் சுற்றி நிற்கும் வீடுகளுக்கு அது சரி. பல வீடுகளில் மின்விசிறி மாற்றியதோடு சோலாருக்கான தேவையே போய்விடும். ஆனால் இன்னும் இரண்டு ஆண்டில் மின்சார ஸ்கூட்டரோ இண்டக்‌ஷன் அடுப்போ வீட்டுக்கு வரவிருக்கிறது என்றால், இன்றைய யூனிட்டை மட்டும் வைத்து அளவைக் குறைக்க வேண்டாம். 3 கிலோவாட் வரை மானியம் ஏறுகிறது. பின்னால் பெரிதாக்குவது புதிதாகப் போடுவதைவிட அலைச்சல் கூடியது.

மாடி முழுவதும் பலகை போடுவதென்றால் விலையுயர்ந்த ஓடு பதிக்க வேண்டியதில்லை, பலகையே நிழல் தரும். ஆனால் விரிசல் அடைப்பையும் நீர்க்கசிவுத் தடுப்பையும் பலகை ஏறுவதற்கு முன்பே முடித்தாக வேண்டும். ஏறிய பிறகு கசிவு வந்தால் சட்டத்தைக் கழற்றி மாட்டும் கூலி தனி.

அடுக்குமாடிக் குடியிருப்பில்

சங்கமாக முடிவெடுப்பவர்களுக்கு வேறு கணக்கு. மோட்டார், லிஃப்ட், நடைவழி விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்பில் இலவச யூனிட்டும் இல்லை, படிகளும் இல்லை. யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 2023-இல் இது ரூ.5.50 ஆகக் குறைக்கப்பட்டது. முதல் யூனிட்டிலிருந்தே முழு விலை என்பதால், லிஃப்ட் வைத்த குடியிருப்பின் பொது இணைப்புக்குச் சோலார் போடுவது தனி வீட்டைவிடத் தெளிவான லாபம். இதற்கும் கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு. அதற்கு முன்னால் மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவியைப் பொருத்துங்கள். தொட்டி வழிந்து மாடி வழியாக ஓடும் தண்ணீர், யூனிட் எட்டு ரூபாயில் மேலே ஏற்றப்பட்டது.

மாடிக்கு வெள்ளை அடிப்பதில்தான் கூட்டத்தில் சண்டை வரும். குளிர்ச்சி மேல்தளத்து நான்கு வீடுகளுக்கு, செலவு பொது நிதியிலிருந்தா என்று கீழ்த்தளத்தார் கேட்பது நியாயம்தான். ஆனால் தளத்தில் நீர் இறங்கினால் கம்பி துருப்பிடிப்பது மொத்தக் கட்டடத்துக்கும் கேடு. ஆகவே கழுவி, விரிசல் அடைத்து, நீர்க்கசிவைத் தடுக்கும் வேலையைப் பராமரிப்புச் செலவாகப் பொது நிதியிலும், எதிரொளிப்புப் பெயின்ட்டுக்கு ஆகும் கூடுதல் தொகையை மேல்தளத்து வீடுகளின் பங்கிலும் எழுதினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒப்பந்தக்காரரிடம் இரண்டுக்கும் தனித்தனி விலைப்புள்ளி வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை மாடியைக் கழுவும் கூலி யார் கணக்கில் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.